சோவெய் முகமூடியின் உட்புறம்

சியரா லியோனின் மெண்டே மக்களிடையே சாண்டே என்ற பெண்கள் சங்கம் உண்டு. சிறுமியர் பெண்களாகும் சடங்கில் அதன் மூத்த பெண்கள் சோவெய் என்னும் மரமுகமூடியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஆடுவார்கள். செதுக்குவோர் ஆண்கள், அணிவோர் பெண்கள். மேற்கு ஆப்பிரிக்க முகமூடிகளில் பெரும்பாலானவற்றை ஆண்களே அணிவதால் இது அரிது. கழுத்து மடிப்புகள், நுணுக்கமான சிகையலங்காரம், பளபளக்கும் கருமை ஆகியவற்றை வைத்தே ஐரோப்பியச் சேகரிப்பாளர்கள் விலை பேசினர். விளிம்புத் துளைகளில் கட்டியிருந்த கறுத்த ராஃபியா நாரைப் பலர் குப்பையென்று அகற்றிவிட்டார்கள். ஆடுபவரின் உடலை மறைத்த உடையே அதுதான்!

மதிப்பீடு உட்புறத்திலிருந்து தொடங்க வேண்டும் என்பதே என் வாதம். தலை உரசி வழவழப்பான விளிம்பு, வியர்வைக் கறை, நார் இழுத்துத் தேய்ந்த துளைகள் எல்லாம் முகமூடி ஆடியதற்குச் சாட்சிகள். அவற்றையும் போலியாகச் செய்யலாமே என்ற மறுப்பு நியாயமானது. புகையூட்டி எண்ணெய் பூசிப் பழசாக்கும் தொழில் நெடுங்காலமாக நடக்கிறது. ஆனால் போலித் தேய்மானம் பெரும்பாலும் தலை படாத இடத்திலும் இருக்கும். கழுவித் துடைத்த முகமூடியில் இந்தச் சோதனைக்கே வழியில்லை. அழுக்கு பூச்சியை அழைக்குமே என்பார்கள். மரத்தைத் துளைக்கும் வண்டைக் கொல்ல உறைகுளிரோ ஆக்சிஜன் நீக்கிய உறையோ போதும், கழுவத் தேவையில்லை. ஒருகாலத்தில் அருங்காட்சியகங்கள் பயன்படுத்திய ஆர்செனிக்கும் டிடிடியும்தான் இன்னும் பல பழம்பொருள்களில் தங்கி, தொடுவோரைக் கையுறை போட வைக்கின்றன.