எரிகோளங்களும் விண்கற்களும்: செய்யாறு, ஆரணி வட்டாரமும் சுற்றுப்புறமும்

எரிகோளம் என்பது வெள்ளிக் கோளைவிட மிகுந்த ஒளியுடன் வானில் பாய்ந்து அணையும் எரிநட்சத்திரம். விண்வெளியில் சுற்றிவரும் கல்லோ உலோகத் துண்டோ நொடிக்கு 11 முதல் 72 கி.மீ. வேகத்தில் காற்றுமண்டலத்துக்குள் நுழையும்போது அதன் முன்னே உள்ள காற்று நெருக்குண்டு, கொதித்து, ஒளிர்கிறது. கல்லின் மேற்புறம் உருகி உதிர்கிறது. பெரும்பாலானவை வானிலேயே கரைந்துவிடும். எஞ்சித் தரைக்கு வருவது விண்கல் எனப்படும். ஒளி தோன்றிச் சில நிமிடம் கழித்தே முழக்கம் கேட்பது வழக்கம். விழுந்த கல்லின் மேல் மெல்லிய கரிய தோல் படிந்திருக்கும். விரைவில் கடந்துவிடும் பயணமாதலால் சூடு அதன் உள்ளே இறங்குவதில்லை.

பட்டு நெசவுக்குப் பெயர்பெற்ற ஆரணியின் பெயரிலோ, செய்யாற்றின் பெயரிலோ உலக விண்கல் பட்டியலில் கல் எதுவும் இல்லை. ஆயினும் இவ்விரு ஊர்களையும் சூழ்ந்த பழைய ஆர்க்காடு, சேலம் மாவட்டப் பகுதிகளில் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஐந்தாண்டுக்குள் இரு கற்கள் விழுந்து பதிவாயின. அவற்றுள் ஒன்று உலகில் தனக்கென ஒரு வகையையே உண்டாக்கிய கல்.

பழந்தமிழ்ப் பதிவுகள்

வானிலிருந்து விண்மீன் விழுவதைக் குறிக்கும் தமிழ்ச் சான்றுகளுள் மிக விரிவானது புறநானூற்றின் 229ஆம் பாட்டு. பாடியவர் கூடலூர் கிழார். பங்குனி மாதத்தின் முற்பகுதியில், நள்ளிரவில், நெருப்புப் பரப்பிக்கொண்டு ஒரு மீன் விழுந்ததை அவர் சொல்கிறார். எந்த நாள்மீன் உச்சியிலிருந்து சாய்ந்தது, எது அதற்கு எதிரே எழுந்தது, எது மேற்கே இறங்கியது என்பதையும், விழுந்த மீன் கிழக்கேயும் செல்லவில்லை, வடக்கேயும் செல்லவில்லை என்பதையும் வரிசையாகக் குறிக்கிறார். மன்னன் நோயின்றி இருக்க வேண்டுமே என்று இரவலர் அஞ்சியிருக்க, ஏழாம் நாள் சேரன் யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறை இறந்துபடுகிறான்.

புலவர் கோள்நிலை அறிந்தவர் என்பது உரையாசிரியர் மரபு. பாட்டிலுள்ள வான்குறிப்புகளைக் கொண்டு நாளையும் ஆண்டையும் கணிக்க முயன்றோர் உண்டு. முடிவுகள் ஒன்றுக்கொன்று ஒத்துவரவில்லை. எரிகோளத்தின் திசையைக் கவனித்துச் சொல்லும் பழக்கம் அக்காலத்திலேயே இருந்தது என்ற அளவில் கருத்து வேறுபாடு குறைவு. இன்றும் எரிகோளம் ஒன்றைப் பார்த்தவரிடம் ஆய்வாளர் முதலில் கேட்பவை நேரமும், எந்த விண்மீனுக்கருகே தோன்றி எந்தத் திசையில் மறைந்தது என்பதும்தான்.

சிலப்பதிகாரத்தில் பாண்டிமாதேவி காணும் தீக்கனவிலும் மீன் விழும் காட்சி வருகிறது. வடமொழியில் 6ஆம் நூற்றாண்டினரான வராகமிகிரரின் பிருகத்சம்கிதை, வானிலிருந்து விழும் ஒளிகளை ஐந்தாக வகுத்து, பேரோசையுடன் விழுவதைத் தனியே பிரிக்கிறது. எரிநட்சத்திரத்தைப் பார்த்தவர் உடனே பச்சை மரத்தைப் பார்க்க வேண்டும் என்று ஊர்ப்புறங்களில் சொல்வோர் உண்டு. இவ்வழக்கம் எவ்வளவு பழையது என்று கூறுவதற்கில்லை.

இந்நூல்களுக்குப் பின் ஆயிரம் ஆண்டுக்கும் மேலான காலத்துக்கு, குறித்த நாளும் இடமும் குறித்த கல்லும் சேர்ந்த பதிவு இப்பகுதிக்குக் கிடைக்கவில்லை.

1795 முதல் 1857 வரை

தமிழர் வாழும் நிலத்தில் நாள் குறித்துப் பட்டியலில் ஏறிய பழைய வீழ்ச்சி இலங்கையின் முல்லைத்தீவில் நிகழ்ந்தது; நாள் 1795 ஏப்ரல் 13. வானிலிருந்து கல் விழும் என்பதை ஐரோப்பிய அறிஞர் பலர் அப்போது நம்பவில்லை. 1798 டிசம்பரில் காசிக்கருகே விழுந்த கற்களை லண்டனில் பகுத்தாய்ந்து 1802இல் வெளியிட்ட முடிவு, அந்த ஐயத்தைக் குறைத்த சான்றுகளுள் ஒன்று.

1857 பிப்ரவரி 28 அன்று மதுரைக்குத் தெற்கே, ஆங்கிலப் பதிவுகளில் பர்னல்லி என்று எழுதப்பட்ட ஊரில் இரு பெருங்கற்கள் விழுந்தன. மொத்த எடை ஏறத்தாழ 77 கிலோ. பெரும்பகுதி லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் உள்ளது. இரும்பு குறைந்த எல்எல் வகையைச் சேர்ந்த இக்கல் அதிகம் சூடேறி மாறாதது. ஆதலால் ஆய்வு நூல்களில் இன்றும் அடிக்கடி தலைகாட்டுகிறது.

சென்னை வானாய்வகம்

1792இல் நிறுவப்பட்டு நுங்கம்பாக்கத்தில் இயங்கிய சென்னை வானாய்வகத்தின் பொறுப்பை 1861இல் நார்மன் போக்சன் ஏற்றார். அதே ஆண்டு ஏப்ரல் 17 அன்று அவர் கண்ட சிறுகோள், ஆசியக் கண்டத்திலிருந்து முதலில் கண்டறியப்பட்டதாதலால் ஆசியா என்றே பெயர் பெற்றது. சாப்போ, சில்வியா, கமில்லா, வேரா ஆகிய சிறுகோள்களும் அவர் சென்னையில் கண்டவை. விண்கற்கள் பெரும்பாலும் சிறுகோள்கள் மோதிச் சிதறிய துண்டுகள் என்பது பின்னர் உறுதிப்பட்டதால், இவ்வட்டார வரலாற்றில் இக்கண்டுபிடிப்புகளுக்கும் இடமுண்டு.

1872 நவம்பர் 27 இரவில் ஐரோப்பாவில் எரிநட்சத்திரங்கள் மழைபோல் கொட்டின. 1846இல் இரண்டாகப் பிளந்து, 1852க்குப் பிறகு காணாமற்போன பீலா வால்மீனின் தூளுக்குள் பூமி புகுந்ததே காரணம் என்று கருதினர். ஜெர்மனியின் கோட்டிங்கன் நகர வானியலாளர் கிளிங்கர்ஃப்யூஸ், வால்மீன் பூமியைத் தொட்டுவிட்டது என்றும் தென்வானில் சென்டாரஸ் விண்மீன் கூட்டத்தருகே தேடுமாறும் போக்சனுக்குத் தந்தி அடித்தார். சென்னையில் அது வடகிழக்குப் பருவமழைக் காலம். மேகம் விலகிய இரு விடியல்களில், டிசம்பர் 2, 3 தேதிகளில், போக்சன் சொன்ன இடத்துக்கருகே ஒரு வால்மீனைக் கண்டார். பிறகு வானம் மூடிக்கொண்டது. வேறு எவரும் அதைக் காணவில்லை. இரண்டு நாள் நோக்கலைக் கொண்டு பாதையைக் கணிக்க இயலாது. கிடைத்த நிலைகள் பீலாவுக்குப் பொருந்தவில்லை என்பதே பின்வந்தோர் பலரின் கருத்து. தந்தி தவறான ஊகத்தில் எழுந்து, வேறொரு வால்மீன் தற்செயலாகக் கண்ணில் பட்டது என்பர். தொடர்பு உண்டு என வாதிட்டோரும் இருந்தனர்.

நம்மியந்தல், 1886

1886 ஜனவரி 27 அன்று அன்றைய தென் ஆர்க்காடு மாவட்டத்தில் ஏறத்தாழ நாலரைக் கிலோ எடையுள்ள கல் விழுந்தது. பதிவான பெயரும் இடக்குறியும் இன்றைய திருவண்ணாமலை மாவட்டத்து நம்மியந்தலுடன் பொருந்துகின்றன. திருவண்ணாமலை வட்டம் அந்நாளில் தென் ஆர்க்காட்டில் இருந்தது. தனி மாவட்டம் அமைந்தது 1989இல். நேர்க்கோட்டில் செய்யாற்றிலிருந்து 60 கி.மீ.க்குள் இவ்வூர் அமைவதால், வட்டாரத்துக்கு மிக அண்மையில் நிகழ்ந்த உறுதியான வீழ்ச்சி இதுவே. கல் எச்5 வகை. இரும்பு மிகுந்த, உள்ளே ஓரளவு சூடேறிப் படிகமான சாதாரணக் காண்ட்ரைட்.

காக்கங்கரி, 1890

1890 ஜூன் 4 அன்று, வெடியோசைக்குப் பின், அன்றைய சேலம் மாவட்டத்தின் திருப்பத்தூர்ப் பகுதியில் இரு சிறு கற்கள் விழுந்தன. பட்டியலில் காக்கங்கரி எனப்படும் இடம், திருப்பத்தூருக்குத் தெற்கே ரயில் நிலையம் உள்ள காக்கங்கரையே எனக் கொள்ளலாம். மீட்ட மொத்த எடை சுமார் 350 கிராம். இரண்டும் ஒரு கைக்குள் அடங்கும்.

நெடுங்காலம் இக்கல் எந்த வகையிலும் சேராமல் இருந்தது. காண்ட்ரைட் கற்கள் சூரியக் குடும்பம் உருவான தொடக்கத்தில், ஏறத்தாழ 456 கோடி ஆண்டுகளுக்கு முன், தூசியும் உருகிக் குளிர்ந்த சிறு மணிகளும் ஒட்டிச் சேர்ந்தவை. அம்மணிகளைக் காண்ட்ரூல் என்பர். கரிமக் காண்ட்ரைட், சாதாரணக் காண்ட்ரைட், என்ஸ்டடைட் காண்ட்ரைட் என மூன்று பெரும் பிரிவுகள் உண்டு. காக்கங்கரியின் ஆக்சிஜன் அணுக்கலவை கரிமப் பிரிவின் பக்கம் சாய்கிறது. உலோக அளவு இரும்பு மிகுந்த சாதாரணக் காண்ட்ரைட்டை ஒத்தது. மணிகளுக்கிடையே நிரம்பிய பொடியோ, மற்றக் கற்களில் இருப்பதுபோல் ஆலிவின் கனிமம் மிகுந்ததாக இல்லாமல், என்ஸ்டடைட் கனிமம் மிகுந்ததாக உள்ளது. அப்பொடியும் மணிகளும் ஒரே மாதிரியான கலவை கொண்டவை என்பது அதனினும் அரிய செய்தி.

1977இல் சிகாகோ பல்கலைக்கழகத்தின் டேவிஸ், கிராஸ்மன், கணபதி மூவரும் நேச்சர் இதழில் காக்கங்கரி தனித்தன்மை உடையதே என்று எழுதினர். அண்டார்க்டிகாவில் கிடைத்த ஒரு கல்லும் அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் கிடைத்த ஒரு கல்லும் பின்னர் இதனுடன் சேர்க்கப்பட்டன. 1990களில் வைஸ்பர்க் குழுவினர் மூன்றையும் கே காண்ட்ரைட் என வகுத்தனர். ஐந்து உறுப்பினர் இருந்தால்தான் குழு என்பது விண்கல் அறிஞரின் மரபாதலால் இது சிறுகுழு என்றே அழைக்கப்படுகிறது. இவ்வகையில் விழும்போதே கண்டெடுத்தது காக்கங்கரி மட்டும். மற்றவை பனியிலும் பாலையிலும் நெடுநாள் கிடந்தவை. பூமியின் நீரும் காற்றும் அதிகம் தொடாத மாதிரி என்பதால், 350 கிராமே ஆயினும் அதன் மதிப்பு மிகுதி. இதன் தாய்ச்சிறுகோள் எது என்பது முடிவாகவில்லை.

இருபதாம் நூற்றாண்டு

இந்நூற்றாண்டில் வட்டாரத்தின் பங்கு, விழுந்த கற்களைவிட வானத்தைப் பார்த்ததில் அதிகம். செய்யாறு தோன்றும் ஜவ்வாது மலையிலேயே காவலூர் வானாய்வகம் உள்ளது. 1986இல் அதற்கு வானியலாளர் வைணு பாப்புவின் பெயர் சூட்டப்பட்டது. அங்குள்ள 45 செ.மீ. ஷ்மிட் தொலைநோக்கியில் கல்கி என்ற பெயரில் சிறுகோள் தேடல் நடந்தது. 1988 பிப்ரவரி 17 அன்று ஆர். ராஜமோகன் கண்ட சிறுகோளுக்கு ராமானுஜன் எனப் பெயரிடப்பட்டது. 1885இல் போக்சன் சென்னையில் வேராவைக் கண்டபின் இந்தியாவிலிருந்து கண்டறியப்பட்ட அடுத்த சிறுகோள் இதுவே என்பர்.

சூளகிரியும் நாட்டறம்பள்ளியும்

2008 செப்டம்பர் 12 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சூளகிரிப் பகுதியில் கற்கள் விழுந்தன. மொத்தம் ஏறத்தாழ 110 கிலோ; வகை எல்எல்6.

2016 பிப்ரவரி 6 அன்று நாட்டறம்பள்ளி அருகே ஒரு பொறியியல் கல்லூரி வளாகத்தில் வெடிப்பு நிகழ்ந்தது. பேருந்து ஓட்டுநர் ஒருவர் இறந்தார்; மூவர் காயமுற்றனர். விண்கல் விழுந்ததே காரணம் என அறிவித்த அன்றைய முதல்வர் ஜெயலலிதா, இறந்தவர் குடும்பத்துக்கு ரூ.1 லட்சம் நிதி வழங்க உத்தரவிட்டார். பள்ளத்தருகே எடுத்த கரிய சிறுகல்லைத் திருச்சியில் நுண்ணோக்கியில் பார்த்தபோது கரிமக் காண்ட்ரைட்டின் அடையாளம் தெரிந்தது என்று செய்தி வந்தது. படங்களைப் பார்த்த நாசா அறிஞர்கள் தரையில் நிகழ்ந்த வெடிப்பாகவே தோன்றுகிறது என்றனர். பெங்களூரு இந்திய வானியற்பியல் நிறுவனத்தாரும் ஐயம் தெரிவித்தனர். எரிகோளத்தைப் பலர் பார்த்த சான்று இல்லை. உலக விண்கல் பட்டியலில் இந்நிகழ்வு ஏறவில்லை. விண்கல்லால் மனிதர் இறந்ததாகக் கருதப்படும், வலுவான பதிவுள்ள நிகழ்வு இன்றைய ஈராக்கின் சுலைமானியாவில் 1888 ஆகஸ்ட் 22 அன்று நடந்தது. அச்செய்தி உதுமானிய ஆவணங்களிலிருந்து 2020இல் வெளியானது.

கடல் கடந்து இலங்கையிலும் இத்தகைய சர்ச்சை எழுந்தது. 2012 டிசம்பர் 29 எரிகோளத்துக்குப் பின் பொலன்னறுவைப் பகுதியில் எடுத்த கற்களில் நுண்ணுயிர்ப் படிமம் உள்ளதாகச் சந்திர விக்ரமசிங்க குழுவினர் கூறினர். அவை விண்கற்களே அல்ல என்பது விண்கல் அறிஞர் பலரின் நிலைப்பாடு.

பூமிக்கு எரிகோளங்களின் பொருள்

மன்னனின் ஆயுளைச் சொல்லும் குறி என்ற நிலையிலிருந்து, பூமி எதனால் ஆனது, எது அதன்மேல் விழக்கூடும் என்ற இரு கேள்விகளுக்குச் சான்று என்ற நிலைக்கு எரிகோளம் வந்துள்ளது. முதல் கேள்விக்குக் காக்கங்கரி போன்ற கற்கள் உதவுகின்றன. இரண்டாவதற்கு 2013 பிப்ரவரி 15 அன்று ரஷ்யாவின் செல்யாபின்ஸ்க் மேல் வெடித்த எரிகோளம் பாடமானது. சுமார் 20 மீட்டர் அகலமான கல் 30 கி.மீ. உயரத்தில் சிதறியது. காயமுற்ற 1,500 பேர் அளவில் பெரும்பாலோர் கண்ணாடிச் சில்லால் புண்பட்டவர்கள்: ஒளியைப் பார்க்கச் சன்னலுக்கு வந்து நின்றவர்கள்மேல், ஓரிரு நிமிடம் கழித்து அதிர்வலை மோதியது. பெரிய ஒளியைக் கண்டால் சன்னலை விட்டு விலக வேண்டும் என்பது அங்கே கற்ற நடைமுறை.

விந்தையான எரிகோளம் எல்லாமே கல் அல்ல. மிக மெதுவாக, துண்டு துண்டாகப் பிரிந்து, ஒரு நிமிடத்துக்கு நெருங்கியோ கூடுதலாகவோ தெரிவது பெரும்பாலும் ராக்கெட் எச்சம். 2022 ஏப்ரல் 2 அன்று மகாராஷ்டிரத்தில் பலர் கண்டது சீன ராக்கெட் பகுதி எனக் கருதப்படுகிறது. சந்திரபூர் மாவட்டத்தில் உலோக வளையம் ஒன்று கிடைத்தது. மறுபுறம், 2014 ஜனவரி 8 அன்று பப்புவா நியூ கினியா அருகே பதிவான எரிகோளம் சூரியக் குடும்பத்துக்கு வெளியிலிருந்து வந்தது என்று வானியற்பியலாளர் ஆவி லோப் வாதிடுகிறார். வேகத்தை அளந்ததில் பிழை இருக்கலாம் என்று மற்றவர்கள் மறுக்கின்றனர்.

அண்மைக்காலம்

2024 டிசம்பரில் கண்டறியப்பட்ட 2024 ஒய்ஆர்4 சிறுகோள் 2032இல் பூமியில் மோத 3 விழுக்காடு அளவுக்கு வாய்ப்பு உண்டு என 2025 பிப்ரவரியில் கணிக்கப்பட்டது. மோதக்கூடிய நெடும்பட்டையில் தெற்காசியாவும் இருந்தது. சில நாளில் அவ்வாய்ப்பு நீங்கியது.

சுமார் 340 மீட்டர் அகலமான அபோபிஸ் சிறுகோள் பூமியின் தரையிலிருந்து ஏறத்தாழ 32,000 கி.மீ. தொலைவில் கடக்கவுள்ளது. இந்திய நேரப்படி அது 2029 ஏப்ரல் 14 அதிகாலை, தமிழ்ப் புத்தாண்டை ஒட்டிய வேளை. மோதல் வாய்ப்பு இல்லை. ஒளிநிறமாலையின்படி அபோபிஸ் எல்எல் காண்ட்ரைட்டை ஒத்தது என்பர். செல்யாபின்ஸ்க் கல்லும், ஜப்பானின் ஹயபுசா விண்கலம் மண் எடுத்துவந்த இடோகாவா சிறுகோளும் அதே வகை. கடந்து சென்றபின் அபோபிஸை அணுகிப் பார்க்க ஓசைரிஸ் அபெக்ஸ் விண்கலத்துக்குத் திட்டமிடப்பட்டுள்ளது. அது அனுப்பும் தரவுகளோடு ஒப்பிட்டுப் பார்க்கப் பூமியில் உள்ள எல்எல் கற்களில் பர்னல்லியும் சூளகிரியும் அடங்கும்.