சிரிப்புக்கும் கடவுச்சீட்டா?

அந்நியர் வந்து குடியேறினால் ஒரு தேசத்துக்கே உரிய நகைச்சுவை உணர்வு கெட்டுவிடும் என்று அஞ்சுவோர் உண்டு. எனக்கும் அந்த அச்சம் தொற்றிக்கொண்டது. ஆகவே, நேயர்களே, கலப்பில்லாத அமெரிக்கச் சிரிப்பைத் தேடி வரலாற்றைப் புரட்டினேன்.

1917 பெப்ரவரியில் அமெரிக்கக் காங்கிரஸ், ஜனாதிபதி வில்சனின் மறுப்பையும் மீறிக் குடிவரவுச் சட்டமொன்றை நிறைவேற்றியது. வருபவர் ஏதாவதொரு மொழியில் 30, 40 சொற்களையேனும் வாசித்துக் காட்டவேண்டும். சிரிக்கத் தெரியுமா என்று மட்டும் கேட்கவில்லை. என்ன கவனக்குறைவு!

அதே ஆண்டு ஜூனில் 'த இமிகிரன்ற்' என்ற மௌனப்படம் வெளியாயிற்று. கப்பலில் வந்த ஏழைகள் சுதந்திரதேவி சிலையைக் காண்கிறார்கள். உடனேயே அவர்களைக் கயிறு கட்டித் தடுக்கிறார்கள். நாடோடி ஒருவன் குடிவரவு அதிகாரியின் பின்புறத்தில் உதைக்கிறான். அமெரிக்கா விழுந்து விழுந்து சிரித்தது. உதைத்தவர் இலண்டனில் பிறந்த சாப்ளின். அவரோடு ஒரே நாடகக் குழுவில் வந்தவர் ஸ்ரான் லோறல். பொப் ஹோப் பிறந்ததும் இங்கிலாந்திலேதான். கலப்பில்லாத சரக்கைத் தேடிக் களைத்துப்போனேன்.

அமெரிக்கக் குடியுரிமை பெறாத சாப்ளின், 1952இல் இலண்டனுக்குப் புறப்பட்டதும், இடதுசாரி என்ற சந்தேகத்தில் அவரது மீள்நுழைவு அனுமதி இரத்தாயிற்று. தேசம் காப்பாற்றப்பட்டது! 1972இல் அதே தேசம் அவரை அழைத்து, கௌரவ ஒஸ்கார் விருதளித்து, எழுந்து நின்று கைதட்டியது.

ஆளை வெளியே நிறுத்தலாம். அவர் விட்டுச்சென்ற சிரிப்பை நாடுகடத்த எந்தச் சட்டத்தாலும் முடியவில்லை. என் அச்சமும் அத்துடன் தீர்ந்தது.