அச்சுக்கூலி யார் கொடுத்தது?



ஒரு சமூகத்தின் அறிவு வரலாற்றைப் பேசும்போது யார் எழுதினார்கள், என்ன எழுதினார்கள் என்று கேட்கிறோம். அச்சுக்கூலியை யார் கொடுத்தார்கள் என்று கேட்பதில்லை. அந்தக் கேள்வியோடு நம் வரலாற்றைப் பார்க்க இந்த நினைவுப் பேருரையைப் பயன்படுத்திக்கொள்கிறேன்.

இரட்டைமலை சீனிவாசன் 1893இல் ‘பறையன்’ இதழைத் தொடங்கினார். அயோத்திதாசப் பண்டிதர் 1907 ஜூன் 19 அன்று சென்னை இராயப்பேட்டையிலிருந்து ‘ஒரு பைசாத் தமிழன்’ வார இதழைக் கொண்டுவந்தார். காலணா விலையையே பெயரில் வைத்த இதழ். ஓராண்டுக்குப்பின் ‘தமிழன்’ ஆனது. பௌத்தம், சாதியின் தோற்றம், மொழி, மருத்துவம் என அவருடைய ஆராய்ச்சிகள் அதில்தான் வந்தன. கோலார் தங்கவயல் தொழிலாளர்களும், ரங்கூனுக்கும் தென்னாப்பிரிக்காவுக்கும் பிழைக்கப் போனவர்களும் படித்தார்கள். அந்த ஆராய்ச்சியைத் தாங்கியது உழைப்பாளிகளின் சில்லறைக் காசு.

அண்ணல் அம்பேத்கர் 1916 மே 9 அன்று கொலம்பியா பல்கலைக்கழகக் கருத்தரங்கில் படித்த ‘இந்தியாவில் சாதிகள்’ கட்டுரை, மறு ஆண்டு ‘இந்தியன் ஆன்டிகுவரி’ ஆய்விதழில் வெளியானது. 1936இல் லாகூர் மாநாட்டுக்காரர்கள் அவரது உரையை ஏற்க மறுத்தபோது, அவரே தம் செலவில் 1,500 படிகள் அச்சிட்டார். இரண்டு மாதத்தில் தீர்ந்தன. ‘குடி அரசு’ அதைத் தமிழில் தந்தது.

இனி ஆய்விதழ்களின் கதைக்கு வருவோம். 1665இல் லண்டனில் தொடங்கிய ஆய்விதழ் மரபு நெடுங்காலம் அறிஞர் சங்கங்களின் கையில் இருந்தது. இரண்டாம் உலகப் போருக்குப்பின் ராபர்ட் மேக்ஸ்வெல் போன்றவர்கள் அதைப் பெரும் வியாபாரமாக்கினார்கள். கட்டுரை எழுதுபவருக்குக் கூலி இல்லை, மதிப்பிடுபவருக்கும் இல்லை. ஆய்வுக்குப் பணம் பெரும்பாலும் மக்கள் வரியிலிருந்து போகிறது. அதே ஆய்வைப் படிக்கப் பல்கலைக்கழக நூலகம் மறுபடியும் சந்தா கட்டுகிறது. பாடப் பக்கங்களை நகலெடுத்துத் தந்ததற்காக டெல்லிப் பல்கலைக்கழகத்தின் மீதும் அதன் நகலகத்தின் மீதும் 2012இல் ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் உள்ளிட்ட பதிப்பகங்கள் வழக்குத் தொடுத்தன. 2016இல் உயர் நீதிமன்றம் மாணவர் பக்கம் நின்றது.

இணையம் வந்ததும் அறிவு எல்லோருக்கும் திறந்துவிடும் என்றார்கள். பல இதழ்களில் படிப்பது இலவசமானது. பதிலுக்கு எழுதுபவர் கட்டணம் கட்ட வேண்டியதாயிற்று. ‘நேச்சர்’ இதழ் 2020இல் அறிவித்த கட்டணம் 9,500 யூரோ. எட்டு லட்சம் ரூபாய்க்கு மேல். ஆய்வேட்டைத் தருமுன் கட்டுரை வெளியாகியிருக்க வேண்டும் என்ற பல்கலைக்கழக மானியக் குழுவின் விதி 2022இல்தான் நீங்கியது. அதுவரை, காசு கொடுத்தால் எதையும் போடும் போலி இதழ்களுக்கு உதவித்தொகையிலிருந்து பணம் கட்டிய முதல் தலைமுறை ஆய்வாளர்கள் எத்தனையோ பேர்.

2024 நவம்பரில் ஒன்றிய அரசு ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. மூன்றாண்டுக்கு 6,000 கோடி ரூபாய், 30 பதிப்பகங்கள், ஏறத்தாழ 13,000 இதழ்கள். ஆனால் அது அரசு நிறுவனங்களுக்கு மட்டும். திருச்செங்கோட்டைச் சுற்றிப் பாருங்கள், எங்கும் சுயநிதிக் கல்லூரிகள். விசைத்தறியிலும் ரிக் வண்டியிலும் உழைப்பவர்களின் பிள்ளைகள் அங்கே படிக்கிறார்கள். அவர்கள் இந்தச் சந்தாவுக்கு வெளியே நிற்கிறார்கள்.

மாற்று வழி நம் கண்முன்னே இருக்கிறது. மகாராஷ்டிர அரசு 1979 முதல் அம்பேத்கர் நூல்தொகுதிகளை மலிவு விலையில் வெளியிட்டது. இன்று அவை இணையத்தில் விலையின்றிக் கிடைக்கின்றன. ‘தமிழன்’ இதழ்களை இயக்கத்தவர் வீடுகளில் பாதுகாத்து வைத்திருந்ததால்தான் 1999இல் ஞான. அலாய்சியஸ் அயோத்திதாசர் சிந்தனைகளைத் தொகுக்க முடிந்தது.

ஆகவே இரண்டு கோரிக்கைகள். தமிழகப் பல்கலைக்கழகங்கள் எழுதுபவரிடமும் படிப்பவரிடமும் காசு வாங்காத ஆய்விதழ்களைத் தமிழில் நடத்த வேண்டும். அரசு அதற்கு நிதி தர வேண்டும். மற்றொன்று நமக்கு. பரணில் கிடக்கும் தலித் சிற்றிதழ்களையும் துண்டறிக்கைகளையும் கரையான் தின்னுமுன் ஸ்கேன் செய்து பொதுவில் வைப்போம். காலணா கொடுத்து இதழ் வளர்த்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு இது முடியாத செலவல்ல.

ஜெய்பீம்.