போடி மலைப்பாதையும் முழங்காலும்

போடிநாயக்கனூரிலிருந்து ஏலமலைச் சரிவுகளுக்கு ஏறிய பாதைகளில், மோட்டார்ச் சாலை வருவதற்கு முன், சரக்கு பொதிவிலங்குகளின் முதுகிலும் மனிதரின் தலையிலும் சென்றது. மூணாறுத் தேயிலை டாப் ஸ்டேஷன் என்ற மலைமுகட்டு நிலையத்திலிருந்து கம்பிவடத்தில் கொட்டகுடி அடிவாரத்துக்கு இறங்கி, மாட்டுவண்டியில் போடியை அடைந்தது. அந்தத் தேயிலையை மலைமேல் சுமந்த குண்டளைப் பள்ளத்தாக்கு ரயில்பாதை 1924 வெள்ளத்தில் அழிந்தது; பின்னர் மதுரை ரயில் 1928இல் போடிக்கு வந்தது. எனினும் தோட்டத் தொழிலாளரின் மலைநடை நெடுங்காலம் நீடித்தது.

அந்நடையில் ஏற்றம் மூச்சைச் சோதித்தது, இறக்கமோ முழங்காலைச் சோதித்தது. இறங்கும்போது தொடையின் முன்தசை நீண்டபடியே உடலைப் பிடித்து நிறுத்துவதால், முழங்காற்சில்லுக்கும் தொடையெலும்புக்கும் இடையே அழுத்தம் மிகுகிறது. இந்த இறக்கத்தின் பாடம் பிள்ளைகளின் உடற்பயிற்சிக்கும் பொருந்தும். சமதள நடையிலேயே முழங்கால் மூட்டு உடல் எடையின் இரண்டு மூன்று மடங்கு விசையைத் தாங்குவதால், உடற்பருமன், அதாவது உடல்நலத்தைக் கெடுக்குமளவு மிஞ்சிய கொழுப்பு, உள்ள பிள்ளைகளிடம் கூடும் ஒவ்வொரு கிலோவும் பெருகியே மூட்டை அடைகிறது. ஆகவே அவர்களுக்கான பயிற்சி செங்குத்தான இறக்கங்களில் தொடங்காமல், சமதள நடை, மிதிவண்டி, நீச்சல், தொடைத்தசையை வலுவாக்கும் பயிற்சிகள் எனப் படிப்படியாக வளர்வதே தக்கது. முழங்கால் வலியென்று நொண்டும் பருமனான பிள்ளைக்கு இடுப்பு மூட்டின் வளர்ச்சித்தட்டு நழுவியிருக்கவும் கூடுமாதலால், பயிற்சியை நிறுத்தி உடனே மருத்துவரிடம் காட்டுவது இன்றியமையாதது.