ஐந்து வால்வு வானொலி

பழைய அமெரிக்க வானொலிப் பெட்டி ஒன்று கைக்குக் கிடைத்தால், அதன் வெளியழகு நமக்கு அதிகம் சொல்லாது. உள்ளே உள்ள வால்வுகளின் மீது பொறித்த எண்களைப் படித்தல் வேண்டும். கல்வெட்டைப் படிப்பது போன்ற பணிதான். ஆனால் கல்வெட்டைத் தொட்டு எவரும் அதிர்ச்சியுற்றதில்லை.

1933ஆம் ஆண்டில் அமெரிக்க வானொலி உற்பத்தியாளர் சங்கம் வால்வுகளுக்குப் பெயர் முறை ஒன்றை வகுத்தது. பெயரின் முதலில் நிற்கும் எண், வால்வின் இழையைச் சூடேற்ற வேண்டிய வோல்ட் அளவை ஏறத்தாழக் காட்டும். 1940ஐ ஒட்டிய மலிவுப் பெட்டிகளில் 12எஸ்ஏ7, 12எஸ்கே7, 12எஸ்க்யூ7, 50எல்6, 35இசட்5 என்னும் ஐந்து வால்வுகளைப் பெரும்பாலும் காணலாம். முதல் மூன்றுக்கும் தலா 12.6 வோல்ட், ஏனையவற்றுக்கு 50, 35. கூட்டிப் பாருங்கள்: 122.8. அந்நாட்டு வீடுகளுக்கு அந்நாளில் வந்த மின்சாரமோ ஏறக்குறைய 117 வோல்ட்! ஐந்து இழைகளையும் சரமாகக் கோத்து, மின்மாற்றியின்றி நேரே இணைத்துவிட்டனர். ஓர் இழை அறுந்தால் ஐந்தும் அணையும். திருவிழாச் சரவிளக்கின் குணமே அது.

விலை குறைந்தது என்பது ஒரு காரணம். மற்றொன்றும் உண்டு. 1882இல் எடிசன் நியூயார்க்கில் வழங்கத் தொடங்கியது நேர்மின்சாரம்; அந்நகரின் சில கட்டடங்களில் அது 2007 வரை நீடித்தது. மின்மாற்றி நேர்மின்சாரத்தில் வேலை செய்யாது. மாற்றியில்லாத பெட்டியோ இருவகை மின்சாரத்திலும் பாடும்.

இச்சிக்கனத்தில் ஓர் அபாயம் ஒளிந்திருந்தது. இத்தகைய பெட்டிகள் பலவற்றில் சாஸி என்னும் உலோகத்தட்டு மின்கம்பியோடு நேரடித் தொடர்புடையது. செருகியை ஒருவிதமாகச் செருகினால், பெட்டி பாடும்போது தட்டில் மின்சாரம் இருக்கும். திருப்பிச் செருகினாலோ, சுவிட்சை அணைத்த பின்னரும் இழைகளின் வழியே தட்டுக்கு வரும். குமிழ் கழன்ற தண்டைத் தொடுபவர் இதை உணர்வார்.

ஆகவே, இணைப்பை அகற்றிய நிலையிலேயே எண்களைப் படியுங்கள். நம் நாட்டு 230 வோல்ட்டில் இதை ஒருபோதும் நேரே செருகலாகாது. ஒற்றைச் சுருள் மின்மாற்றி வோல்ட்டைக் குறைக்குமேயன்றிக் காப்பு அளிக்காது. தனித்தனியான இரு சுருள்கள் கொண்டதே வேண்டும். தேர்ந்த ஆசிரியர் ஒருவரை அருகில் வைத்துக்கொண்டு, 120 வோல்ட்டுக்குரிய 60 வாட் இழை விளக்கொன்றைப் பெட்டியோடு சரமாக இணைத்து முதற்சோதனை செய்க. விளக்கு பளிச்சென எரிந்து, பின் மங்கினால் நல்லது. மங்காமல் நின்றால் உடனே நிறுத்திவிடுக. பெரும்பாலும் பழைய நூல்கள் கண்டென்ஸர் எனக் குறிக்கும் மின்தேக்கிகளே அங்கே பழுதுற்றிருக்கும். இணைப்பை எடுத்த பின்னும் அவற்றில் மின்சாரம் தங்கியிருக்கக்கூடும்.