மாரு-குர்ஜரக் கட்டிடக்கலை

மாரு-குர்ஜரக் கட்டிடக்கலை அல்லது சோலங்கிக் கட்டிடக்கலை என்பது, இன்றைய குஜராத், ராஜஸ்தான் பகுதிகளில் கி.பி. 11 முதல் 13ஆம் நூற்றாண்டு வரை சிறப்புற்றிருந்த கோயில் கட்டிடக்கலைப் பாணி ஆகும். இது நாகரக் கட்டிடக்கலையின் ஒரு பிரிவாகும். இந்து, சமணக் கோயில்கள் இரண்டுமே இப்பாணியில் கட்டப்பட்டன.

அரச ஆதரவு

பாட்டனைத் தலைநகராகக் கொண்டு ஆண்ட சோலங்கி மன்னர்கள் இதன் முதன்மைப் புரவலர்கள். முதலாம் பீமதேவன் காலத்தைச் சேர்ந்த மோதேரா சூரியன் கோயிலில் 1026-27ஆம் ஆண்டைக் குறிக்கும் கல்வெட்டு உள்ளது. அம்மன்னனின் அமைச்சரான விமலன், 1031இல் அபு மலையில் ஆதிநாதருக்குக் கோயில் எழுப்பினார். சமணத்தைப் பேணிய குமாரபாலன், தாரங்காவில் அஜிதநாதர் கோயிலைக் கட்டியதுடன், சோமநாதர் கோயிலையும் 1169இல் புதுப்பித்தான்.

அமைப்பு

கருவறை, மூடிய மண்டபம், தூண்களாலான திறந்த மண்டபம் ஆகியன முக்கிய உறுப்புகள். அடித்தளத்தில் யானை, மனித உருவ வரிசைகள் செதுக்கப்பட்டிருக்கும். முதன்மைச் சிகரத்தைச் சுற்றி அதே வடிவச் சிறு சிகரங்கள் ஒட்டியிருக்கும்.

மண்டபக் குவிமாடங்கள் உண்மையான வளைவுகள் அல்ல. ஒவ்வொரு கல் வளையமும் கீழுள்ளதைவிடச் சற்று உள்நோக்கி நீட்டி அடுக்கப்பட்டு, நடுவில் தாமரை வடிவத் தொங்கலுடன் முடிவடைகின்றது.

சமணக் கோயில்களில் முற்றத்தைச் சுற்றித் தீர்த்தங்கரர்களுக்கான சிற்றாலயங்கள் வரிசையாக அமைந்துள்ளன. அபு மலைக் கோயில்களின் வெளிப்புறம் எளிமையானது. உட்புற வெண்பளிங்கிலேயே நுண்ணிய வேலைப்பாடுகள் உள்ளன.

பிற்காலம்

சோலங்கியருக்குப் பின் ஆண்ட வாகேலா மரபின் அமைச்சர்களான வஸ்துபாலன், தேஜபாலன் சகோதரர்கள், அபு மலையில் நேமிநாதர் கோயிலைக் கட்டினர். 1299இல் அலாவுதீன் கில்ஜியின் படையெடுப்பைத் தொடர்ந்து வாகேலா ஆட்சி வீழ்ந்தது. இப்பகுதியில் கோயில்களுக்கான அரச ஆதரவும் குன்றியது. ஆயினும் சமண வணிகர்களின் பொருளுதவியால் இப்பாணி மறையாது நிலைத்தது. சேதமுற்றிருந்த விமலனின் கோயில் 1322இல் வணிகர்களால் சீரமைக்கப்பட்டது. 15ஆம் நூற்றாண்டில் ராணக்பூரில் பெரிய சமணக் கோயிலை எழுப்பியவரும் ஒரு வணிகரே. மேவார் மன்னர் ராணா கும்பா அதற்கு ஆதரவளித்தார்.

இம்மரபைத் தலைமுறைகளாகப் பேணிவந்த சோம்புரா சிற்பியர் குலத்தைச் சேர்ந்த பிரபாசங்கர் சோம்புராவே, 1951இல் குடமுழுக்குக் கண்ட இன்றைய சோமநாதர் கோயிலை வடிவமைத்தார் என்பது குறிப்பிடத்தக்கது.