கப்பலேறி வந்த கை வர்க்கம்

1900-ல் லண்டனில் புள்ளியியலாளர் கார்ல் பியர்சன் பெற்ற பிள்ளை கை வர்க்கம் (chi-square) என்னும் சோதனை. தடுப்பூசி போட்டவர், போடாதவர்; பிழைத்தவர், இறந்தவர் என்று ஆட்களை வகை பிரித்துக் கட்டத்தில் போட்டால், இரண்டுக்கும் தொடர்பே இல்லையென்றால் எத்தனை பேர் விழுந்திருக்க வேண்டும், உண்மையில் எத்தனை பேர் விழுந்தார்கள் என்ற இடைவெளியை அளக்கும். இந்தக் கட்டங்களுக்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாத தொடர் அளவு ஒன்று உண்டு என்று பிடிவாதம் பிடித்தார் பியர்சன். பெரியம்மையில் செத்தவர்களில் கூடச் செத்தவர், குறையச் செத்தவர் என்று உண்டா என மடக்கினார் அவரிடம் பயின்ற யூல். நான் யூல் கட்சி.

1915-ல் கேம்பிரிட்ஜிலிருந்து ஊர் திரும்பவிருந்த இந்திய மாணவர் மகலனோபிஸை உலகப்போர் தாமதப்படுத்தியது. காத்திருந்த நாட்களில் பியர்சனின் 'பயோமெட்ரிகா' இதழ்த் தொகுதிகள் கண்ணில் பட, மொத்தமாக வாங்கிக் கப்பலிலேயே படிக்கத் தொடங்கினார். புள்ளியியல் கல்கத்தாவுக்கு வந்த கதை இது.

பியர்சனின் இந்தப் பிள்ளைக்குப் பிறவிக் கோளாறு ஒன்று இருந்தது. நான்கு கட்டத்தில் மூன்று எண்கள் சுதந்திரமானவை என்றார் பியர்சன். ஓரக் கூட்டுத்தொகைகள் தெரிந்தால் ஒரு கட்டத்தை நிரப்பினால் போதும், மற்றவை தானே விழும். ஆகவே ஒன்றுதான் என்று 1922-ல் திருத்தினார் புள்ளியியலாளர் ஃபிஷர். பியர்சன் ஒப்பவில்லை.

அந்தமானில் கை வர்க்கத்துக்கு வேலை உண்டு. 1980களின் இறுதியிலிருந்து வடக்கே திக்லிப்பூரை மிரட்டிய மர்மக் காய்ச்சல், பிறகு எலிக்காய்ச்சல் என்று தெரிந்தது. சேற்றில் நிற்பவருக்குத்தான் வருகிறதா? புரோத்ராபூரில் 100 பேரைக் கேட்டதாக வைத்துக்கொள்வோம். வயலில் இறங்கும் 50 பேரில் 30 பேருக்குக் காய்ச்சல். இறங்காத 50 பேரில் 20 பேருக்கு. கை வர்க்கம் 4. தொடர்பே இல்லையென்றாலும் தற்செயலாக இவ்வளவாவது வித்தியாசம் வரும் வாய்ப்பு 0.046, வழக்கமான 0.05 வரம்புக்குள் வருவதால் 'தொடர்பு உண்டு'. அதே எண்களை 'ஆர்' (R) என்ற புள்ளியியல் மென்பொருளிடம் கொடுங்கள். கேளாமலே, கை வர்க்கத்தைச் சற்றுக் குறைக்கும் யேட்ஸ் என்பவரின் 1934-ஆம் ஆண்டுத் திருத்தத்தைச் சேர்த்து 3.24 என்னும், வாய்ப்பு 0.072. தொடர்பு போயே போயிற்று! எஸ்.பி.எஸ்.எஸ். என்ற மென்பொருள் இரண்டையும் அடுத்தடுத்த வரியில் அச்சிடும். பலர் தமக்குப் பிடித்ததை எடுத்துக்கொள்கிறார்கள்.

இன்னொரு வம்பும் உண்டு. இதே விகிதத்தில் 1000 பேரைக் கேட்டால் கை வர்க்கம் 40. தொடர்பு இறுகவில்லை, கூட்டம்தான் பெருத்தது. சுவீடனின் ஹரால்டு கிராமர் 1946-ல் தந்த 'வி' அளவு, நான்கு கட்டத்தில், கை வர்க்கத்தை ஆள்கணக்கால் வகுத்து வர்க்கமூலம் எடுக்கிறது. 100 பேருக்கும் 0.2; 1000 பேருக்கும் 0.2.